ஜன்னல் வழியா தூக்கிப் போடுறதுக்கு ரோமானியங்ககிட்ட தனி வினையே இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கடைசிப் பக்கத்துல வர்ற இங்கிலீஷ் வார்த்தைக் கட்டத்துல டிஃபெனஸ்ட்ரேட்னு ஒரு வினைச்சொல்லைப் போட்டிருந்தீங்க. ஒருத்தரை ஜன்னல் வழியா வெளிய தூக்கி எறியிறதுன்னு அர்த்தம் குடுத்து, பழங்கால ரோமானியர்கள் புழங்கின லத்தீன் வினையில இருந்து வந்ததுன்னு ரெண்டே வரியில முடிச்சுட்டீங்க. முதல் வரி சரிதான். ரெண்டாவது வரி தப்புங்க. அப்படி ஒரு வினை பழைய லத்தீன்ல கிடையாது, அந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்ததுக்குக் காரணம் ரோமாபுரி இல்ல, இன்னைக்கு செக் நாட்டுல இருக்கிற பிராக் நகரம், அங்க 1618ல ஒரு மே மாசக் காலையில நடந்த ஒரு அடாவடி. லத்தீன் துண்டு ரெண்டை எடுத்து ஒட்டி ஐரோப்பாக்காரங்க பின்னாடி செஞ்சுக்கிட்ட சொல் அது. இதைச் சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், எடம் இல்லைன்னா வெட்டிக்குங்க, ஆனா அந்த ரோமானியர் வரியை மட்டும் திருத்திடுங்க, பிள்ளைங்க அதை அப்படியே நோட்டுல எழுதி வச்சுக்குதுங்க.

நான் பில்டிங் பிளான் போடுற ஆளு. மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா இந்த வார்த்தையோட சொந்தக்காரன் ஒருத்தன் எங்க தொழில்ல தினமும் வந்து போறான், அவன் பேரு ஃபெனஸ்ட்ரேஷன். ஒரு கட்டடத்துல வெளிச்சமும் காத்தும் வர்றதுக்குன்னு விடுற ஜன்னல், கண்ணாடிக் கதவு, ஸ்கைலைட் எல்லாத்துக்கும் மொத்தமா அந்தப் பேருதான், மத்திய அரசோட எரிசக்தி சிக்கன கட்டட விதிகள்லயும் அதே பேருதான். டாக்டருங்ககிட்டயும் இவன் இருக்கான். ஆபரேஷன் பண்றப்ப வெட்டுற எடம் மட்டும் தெரியிற மாதிரி நடுவுல ஓட்டை விட்ட துணியைப் போத்துவாங்கல்ல, அதுக்கு ஃபெனஸ்ட்ரேட்டட் டிரேப்னு பேரு. காதுக்குள்ள சவ்வு மூடின சின்னத் திறப்பு ரெண்டு இருக்கு, நீள்வட்டமா ஒண்ணு உருண்டையா ஒண்ணு, அதுங்களையும் உடற்கூறு பாடத்துல ஃபெனஸ்ட்ரான்னுதான் சொல்றாங்க. நர்சரியில ஓட்டை ஓட்டையா இலை விடுற மான்ஸ்டெரா செடி விக்கிறாங்களே, அந்த ஓட்டைக்கும் இதே பேரு. ஆக ஃபெனஸ்ட்ரான்னா லத்தீன்ல ஜன்னல், அவ்வளவுதான். அந்தச் சொல்லே லத்தீனுக்குச் சொந்தம் இல்ல, ரோமானியங்களுக்கு முன்னாடி இத்தாலியில இருந்த எட்ருஸ்கன் ஜனங்ககிட்ட இருந்து வாங்கினதா இருக்கும்னு சந்தேகப்படுற அறிஞர்களும் உண்டு.

முன்னாடி ஒட்டியிருக்கிற டி-க்கு 'இருந்து', 'கீழ', 'விட்டு'ன்னு பல அர்த்தம் வரும். டி ஃபெனஸ்ட்ரான்னு பிரிச்சு சொன்னா 'ஜன்னல்ல இருந்து', அது சுத்தமான லத்தீன், எந்த ரோமானியனுக்கும் புரியும். ஆனா ரெண்டையும் ஒட்டி வினையாக்குனா அங்கதான் வேடிக்கை. டிகாப்பிடேட்னு ஒரு இங்கிலீஷ் வினை இருக்கு, அதுலயும் அதே டி, கூட காபுட், அதாவது தலை. அதுக்கு அர்த்தம் தலையை எடுத்துடுறது, தலையில இருந்து எறியிறது இல்ல. அதே கணக்குல பாத்தா டிஃபெனஸ்ட்ரேட்னா ஜன்னலைப் பேத்து எடுக்கிறதுன்னுதான் வரணும்! லத்தீன்ல ஃபெனஸ்ட்ராரேன்னு ஒரு வினை உண்டு, ஜன்னல் வச்சுக் கட்டுறது, திறப்பு விடுறதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி டி-யைப் போட்டா வச்ச ஜன்னலை எடுக்கிறதுன்னு ஒரு ரோமானியக் கொத்தனார் நினைச்சிருந்தா அதுல தப்பே இல்ல. பழைய வீட்டை இடிக்கிறப்ப முதல்ல ஜன்னல் நிலையை உருவுவாங்க பாருங்க, அந்த வேலைக்குப் பொருத்தமான சொல் இது. ஆள் எறியிற அர்த்தம் இலக்கணத்தால வந்தது இல்ல, ஒரு சம்பவத்தால வந்தது.

அதுக்காக ரோம்ல ஜன்னல்ல இருந்து யாரும் எதையும் எறியலையான்னா, நல்லா எறிஞ்சாங்க. ரோம்ல ஏழை ஜனங்க குடியிருந்தது இன்சுலான்னு சொல்ற அடுக்குமாடிகள்ல, மேல் மாடியில தண்ணி வராது, சாக்கடை வசதி கிடையாது, அதனால ராத்திரி சட்டியில இருக்கிறதை ஜன்னல் வழியா தெருவுல கவுத்துடுறது வழக்கமாப் போச்சு, சமயத்துல சட்டியும் சேந்து வரும். இதுக்குன்னே ரோமானியச் சட்டத்துல தனியா ஒரு வழக்கு வகை இருந்துச்சு, எறிஞ்சது ஊத்தினது பத்தின வழக்குன்னு. 533ல ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்புல அது விவரமா இருக்கு. மேல இருந்து விழுந்த பொருளால யாருக்காவது நஷ்டம்னா அந்த வீட்டுல குடியிருக்கிறவன் ரெண்டு மடங்கு கட்டணும். எறிஞ்சது யாருன்னு தெரியாட்டியும் பரவால்ல, குடியிருக்கிறவன்தான் பொறுப்பு. அடிபட்டுச் சுதந்திர மனுஷன் ஒருத்தன் செத்துட்டா 50 பொற்காசு. காயத்தோட பிழைச்சுக்கிட்டா வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாம விட்ட கூலி எல்லாத்தையும் நீதிபதி கணக்குப் பாத்துச் சொல்லணும், ஆனா தழும்புக்கும் உருவம் கெட்டதுக்கும் காசு கிடையாது, ஏன்னா சுதந்திர மனுஷனோட உடம்புக்கு விலை போட முடியாதாம். எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்காங்க பாருங்க, அடிமையா இருந்தா மட்டும் விலை உண்டு, அது வேற சங்கதி.

இவ்வளவு சட்டம் எழுதினவங்க அதுக்குப் புழங்கின வினை சாதாரணமா கீழ எறின்னு அர்த்தம் வர்ற டெய்கெரே, அவ்வளவுதான். துரோகிகளை ரோம்ல இருந்த டார்பேயன் பாறையில இருந்து தள்ளிக் கொல்றதுக்கும் அதே வினைதான். ஜன்னலுக்குன்னு தனியா ஒண்ணு அவங்களுக்குத் தேவைப்படல. பைபிள்லயும் ஒண்ணு இருக்கே, பழைய ஏற்பாட்டுல யேசபேல் ராணியை, படைத்தலைவன் யெகூ கீழ தள்ளச் சொன்னதும் அரண்மனை ஆட்கள் ஜன்னல்ல இருந்து தள்ளிவிட்டது. அதை லத்தீன்ல மொழிபெயர்த்தப்பவும் ஜன்னலை வச்சுச் செஞ்ச வினை எதுவும் வரல.

இப்ப பிராக்குக்கு வர்றேன்.

1618ல பிராக்கைத் தலைநகரா வச்சிருந்த பொஹீமியா நாடு ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பத்து ஆட்சியில இருந்துச்சு. ராஜ குடும்பம் கத்தோலிக்கம், உள்ளூர் பிரபுக்கள்ல பெரும்பாலானவங்க புராட்டஸ்டன்ட். 1609ல இரண்டாம் ருடால்ஃப் பேரரசர் அவங்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் குடுத்து ஒரு சாசனம் எழுதிக் குடுத்திருந்தார். அவருக்கப்புறம் வந்தவங்க அதை இழுத்தடிச்சாங்க. ப்ரௌமோவ்ங்கிற ஊர்ல புராட்டஸ்டன்ட் கோயிலை மூடினாங்க, ஹ்ரோப்ங்கிற ஊர்ல இடிச்சே தள்ளிட்டாங்க. பிரபுக்கள் கூடிப் பேசி மனு அனுப்பினா, கூட்டமே போடக் கூடாதுன்னு வியன்னாவுல இருந்து மிரட்டலா ஒரு கடிதம் வருது. இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி யோசனை குடுத்தது பிராக்ல ராஜாவுக்குப் பதிலா நிர்வாகம் பாத்த அதிகாரிகள்தான்னு இவங்களுக்குச் சந்தேகம்.

மே 23ஆம் தேதி காலையில தூர்ன் பிரபு தலைமையில ஒரு கும்பல் பிராக் கோட்டைக்குள்ள நிர்வாக அலுவலகத்துக்கு ஏறிப் போச்சு. உள்ள நாலு அதிகாரிங்க இருந்தாங்க. அந்தக் கடிதத்துல உங்களுக்குப் பங்கு உண்டா இல்லையான்னு கேட்டாங்க. ரெண்டு பேர் மேல இவங்களுக்குக் கோவம் இல்ல, அவங்களை மரியாதையா வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது ஸ்லாவாட்டா, மார்ட்டினிட்ஸ் ரெண்டு பேர், ரெண்டும் கடுமையான கத்தோலிக்கர்கள். முதல்ல மார்ட்டினிட்ஸைத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய விட்டாங்க. ஸ்லாவாட்டா ஜன்னல் விளிம்பைப் பிடிச்சுத் தொங்கிட்டு விடவே இல்ல, ஒருத்தன் கத்திப் பிடியால விரல்ல ஓங்கி அடிச்சப்புறம்தான் கை விட்டுச்சு. அப்புறம் அங்க எழுதிக்கிட்டிருந்த செயலாளர் ஃபாப்ரிசியஸ், பாவம், அவரையும் சேத்து வெளிய போட்டாங்க. முடிவெடுத்தவங்களுக்குக் கோபத்துல ஒரு நியாயம் இருக்கலாம், பேனா பிடிச்ச ஆளு என்ன பண்ணினார்னு எனக்கு இன்னைக்கும் புரியல. ஆபீஸ் வேலை பாக்கிற எல்லாருக்கும் இந்த மூணாவது ஆளு மேல தனிப் பாசம் வரும்.

ஏறக்குறைய 70 அடி உயரம்னு சொல்றாங்க. மூணு பேரும் பிழைச்சுட்டாங்க! ஸ்லாவாட்டாவுக்குத் தலையில நல்ல அடி, மத்த ரெண்டு பேரும் எந்திரிச்சு நடந்துட்டாங்க. மேல இருந்து துப்பாக்கியால சுட்டும் தப்பிச்சாங்க. பக்கத்துல லோப்கோவிட்ஸ் மாளிகையில பொலிக்சேனான்னு ஒரு அம்மா கத்தோலிக்க அதிகாரிங்களுக்குப் புகலிடம் குடுத்துக் காப்பாத்துனாங்க.

எப்படிப் பிழைச்சாங்கங்கிறதுலதான் சண்டை. மாதா வந்து தாங்கிப் பிடிச்சுட்டான்னு கத்தோலிக்கத் தரப்பு நோட்டீஸ் அடிச்சுது. தாங்கினது மாதாவும் இல்ல தேவதூதனும் இல்ல, கீழ கிடந்த எருக்குப்பைன்னு புராட்டஸ்டன்ட் தரப்பு பதில் நோட்டீஸ் அடிச்சுது. சம்பவம் நடந்த சமயத்துல எழுதினவங்க யாரும் குப்பையைப் பத்திப் பேசல, மாதா கதைக்குப் பதிலடியா பின்னாடி கட்டினதுதான் இதுன்னு வரலாற்று ஆசிரியருங்க பல பேர் நினைக்கிறாங்க. தடிமனான மேலங்கியும் சுவரடியில இருந்த சரிவும் காப்பாத்தியிருக்கும்னு ஒரு விளக்கம் உண்டு, சுவர் கட்டுறவன்ங்கிற முறையில எனக்கு அதுதான் சரியாப் படுது. பழைய கோட்டைச் சுவருக்கு அடியில அகலம் குடுத்துச் சாய்வா இறக்குவாங்க, நேரா விழுறதுக்கும் அதுல உரசிச் சறுக்கி விழுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

ஃபாப்ரிசியஸ் நேரா வியன்னாவுக்குப் போய்ப் பேரரசர்கிட்ட விஷயத்தைச் சொன்னார். பின்னாடி அவருக்குப் பிரபு பட்டம் குடுத்தாங்க, பட்டத்தோட பேரு ஃபான் ஹோஹென்ஃபால், அதாவது உயர விழுதலைச் சேந்தவர்னு அர்த்தம். பேரரசர் அலுவலகத்துல யாரோ ஒரு குசும்புக்காரன் இருந்திருக்கான்.

சிரிச்சது போதும், அதுக்கப்புறம் நடந்தது கொடுமை. அந்த ஜன்னல்ல தொடங்கின சண்டை 1648 வரைக்கும் போச்சு, முப்பது வருஷப் போர்னு பேரு. 1620 நவம்பர்ல பிராக்குக்கு வெளிய வெள்ளை மலைங்கிற எடத்துல நடந்த சண்டையில புராட்டஸ்டன்ட் தரப்பு நொறுங்கிப் போச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல பிராக் பழைய நகரச் சதுக்கத்துல 27 பேருக்கு மரண தண்டனை, இன்னைக்கும் அந்தத் தரையில 27 சிலுவை பதிச்சு வச்சிருக்காங்க. போர், பஞ்சம், கொள்ளைநோய்னு மொத்தமா மத்திய ஐரோப்பாவுல 45 லட்சத்துல இருந்து 80 லட்சம் பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு கணக்குப் போடுறாங்க. இதுல பாருங்க, ஜன்னல்ல இருந்து விழுந்த ஸ்லாவாட்டாவும் மார்ட்டினிட்ஸும் அந்தப் போர் முடியிற வரைக்கும் உயிரோட இருந்தாங்க. மார்ட்டினிட்ஸ் 1649லயும் ஸ்லாவாட்டா 1652லயும்தான் போய்ச் சேந்தாங்க. அவங்க விழுந்த எடத்துல கோட்டைத் தோட்டத்துக்குள்ள கல் தூண் நட்டு வச்சிருக்கு.

பிராக்குக்கு இது புதுப் பழக்கமும் இல்ல. 1415ல யான் ஹுஸ்ங்கிற சீர்திருத்தப் போதகரை எரிச்சுக் கொன்னாங்க, அந்தக் கோவம் கனிஞ்சு 1419 ஜூலை 30ஆம் தேதி அவரு வழியில வந்த யான் ஜெலிவ்ஸ்கிங்கிற பாதிரி ஊர்வலமா புது நகர மன்றத்துக்கு வந்தார், பிடிச்சு வச்சிருக்கிற எங்க ஆளுங்களை விடுங்கன்னு கேட்டாங்க, மேல ஜன்னல்ல இருந்து யாரோ கல்லெறிஞ்சதாச் சொல்றாங்க, கூட்டம் உள்ள பூந்து கவுன்சிலர்களைத் தூக்கி வெளிய போட்டுது, கீழ ஈட்டியோட ஆள் நின்னாங்க, அதுல யாரும் பிழைக்கல. ராஜா நாலாம் வென்செஸ்லாஸ் அந்த அதிர்ச்சியில கொஞ்ச நாள்ல செத்துட்டார்னு சொல்லுவாங்க. 1483லயும் ஒண்ணு நடந்துச்சு. 1948 மார்ச் 10ஆம் தேதி வெளியுறவு மந்திரி யான் மசாரிக் அவர் இருந்த மாளிகையோட குளியலறை ஜன்னலுக்குக் கீழ செத்துக் கிடந்தார், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடிச்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. முதல்ல தற்கொலைன்னாங்க, 2004ல போலீஸ் கொலைன்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் மறுபடி விசாரிச்சு 2021ல உறுதியா முடிவு சொல்ல முடியாம நிறுத்தினாங்க. இதைப் பட்டியல்ல சேக்கலாமா வேண்டாமான்னு செக்காரங்களுக்குள்ளயே இன்னும் வாதம் ஓடுது.

இப்ப வார்த்தைக்குத் திரும்புவோம். 1618 சம்பவத்துக்கு ஐரோப்பாவுல படிச்சவங்களோட பொது மொழியா இருந்த லத்தீன்ல டிஃபெனஸ்ட்ராட்டியோன்னு ஒரு பேரு வச்சாங்க, ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே இங்கிலீஷ்ல டிஃபெனஸ்ட்ரேஷன் வந்துடுச்சு. கவனிங்க, முதல்ல வந்தது பெயர்ச்சொல். அந்த நிகழ்ச்சியோட பேரு. அதுல இருந்து வாலை வெட்டி டிஃபெனஸ்ட்ரேட்னு வினை ஆக்கினது ரொம்பப் பின்னாடி. இங்கிலீஷ்ல இது சகஜம், டொனேஷன் முதல்ல, டொனேட் பின்னாடி. அவ்வளவு தூரம் ஏன் ஐயா, உங்க தொழிலையே எடுத்துக்குங்க, எடிட்டர்ங்கிற பேருதான் மூத்தது, எடிட்ங்கிற வினை எடிட்டரைப் பாத்துச் செஞ்சதுன்னுதான் அகராதிகள் சொல்லுது. எடிட்டர் லத்தீன்ல வெளிய குடுக்கிறவன்னு அர்த்தம் வர்ற சொல். நீங்க வெளிய குடுக்கிறவர், அந்த பிராக் பிரபுக்கள் வெளிய போடுறவங்க, பழகுற விதம் மட்டும் வேற.

ஜெர்மன்காரங்க மெனக்கெடல, பிராக் ஜன்னல் விழுதல்னு தங்க மொழியிலேயே சொல்லிட்டாங்க, ஆனா அவங்க ஜன்னலுக்குச் சொல்ற ஃபென்ஸ்டரும் அதே ஃபெனஸ்ட்ரா தேஞ்சதுதான். பிரெஞ்சுல ஃபெனெட்ர், இத்தாலியில ஃபினெஸ்ட்ரா. இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல ஃபெனெஸ்டர்னு இருந்துச்சு, பதினாறாம் நூற்றாண்டு வாக்குல அது செத்துப்போய் விண்டோ நின்னுடுச்சு. இந்த விண்டோ வடக்கத்தி வைக்கிங் ஜனங்க குடுத்த சொல், அதைப் பிரிச்சா காத்துக்கண். அதுக்கு முன்னாடி பழைய இங்கிலீஷ்ல கண்ணோட்டை, கண்கதவுன்னு வர்ற மாதிரி சொல்லு இருந்துச்சாம். ஸ்பானிஷ்ல வென்டானா, அது லத்தீன்ல காத்துன்னு அர்த்தம் வர்ற வென்டுஸ்ல இருந்து வந்தது.

நம்ம பக்கமும் அதே காத்து, அதே கண்ணு. கால்னா காத்து, அதர்னா வழி, ரெண்டும் சேந்தா காலதர், சிலப்பதிகாரத்துல இருக்கிற சொல். பலகணின்னா பல கண்ணு உள்ளது. வெயில் ஊர்ல காத்துக்கும் குளிர் ஊர்ல புகை போறதுக்கும் ஓட்டை விட்டவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே ஒரே மாதிரி பேரு வச்சிருக்காங்க.

ஆனா நாம இப்ப காலதர்னா சொல்றோம், ஜன்னல்ங்கிறோம், இலங்கையில யன்னல்ங்கிறாங்க. அது போர்ச்சுக்கீசியச் சொல், அவங்க ஜனேலா. சாவி, மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் வந்த அதே கப்பல்ல வந்தது. சிங்களத்துலயும் ஜனேலயதான். இந்த ஜனேலாவோட லத்தீன் மூலத்தைத் தேடிப் போனா ஃபெனஸ்ட்ரா வராது, யானுவான்னு வரும், அதுக்கு வாசக்கதவுன்னு அர்த்தம், ஜனேலான்னா குட்டிக் கதவு. வாசலுக்குக் காவல் யானுஸ்ங்கிற ரோமானிய சாமி, முன்னால ஒரு முகம் பின்னால ஒரு முகம், வருஷத்தோட வாசல்னு அவரு பேருல வந்ததுதான் ஜனவரி. ஆக நம்ம வீட்டு ஜன்னலும் காலண்டர்ல ஜனவரியும் ஒரே வம்சம். உங்க கட்டத்துல லத்தீன் பாசம் காட்டணும்னா இதைப் போட்டிருக்கலாம், இது நம்ம வாயில தினமும் வர்ற லத்தீன், டிஃபெனஸ்ட்ரேட் யாரு வாயில வருது?

யாரு வாயிலயும் வராதுன்னும் சொல்ல முடியாது. இப்ப இங்கிலீஷ் பத்திரிகைங்க அதை வேற அர்த்தத்துல புழங்குறாங்க, கட்சித் தலைவரையோ கம்பெனி தலைமை அதிகாரியையோ திடீர்னு பதவியில இருந்து தூக்கினா டிஃபெனஸ்ட்ரேட் பண்ணிட்டாங்கன்னு தலைப்பு வரும். இத்தாலிக்காரங்களுக்கும் அந்த அர்த்தம் உண்டு. உங்க கட்டத்துல இந்த ரெண்டாவது அர்த்தத்தைப் போடவே இல்ல, படிக்கிற பையன் நாளைக்கு ஒரு செய்தியில அதைப் பாத்தா, மந்திரியை நிஜமாவே மாடியில இருந்து தள்ளிட்டாங்கன்னு நினைச்சுக்குவான். கம்ப்யூட்டர் ஆளுங்க வேற ஒண்ணு வச்சிருக்காங்க, மெஷின்ல இருந்து மைக்ரோசாஃப்ட் விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ்ங்கிற வேற இயங்குதளத்தைப் போடுறதை டிஃபெனஸ்ட்ரேஷன்னு கிண்டலாச் சொல்லுவாங்க. சிரிப்பா இருந்தாலும் இதுல ஒரு நியாயம் இருக்கு, நான் மேல சொன்ன இலக்கணக் கணக்குப்படி ஜன்னலைப் பேத்து எடுக்கிறதுங்கிற அர்த்தம் கடைசியில இவங்க கையிலதான் வந்து சேந்திருக்கு.

தமிழ்ல இதுக்கு ஒத்தைச் சொல் வேணும்னு உங்க கட்டத்துக்குக் கீழ கேள்வி வேற போட்டிருந்தீங்க. தேவையே இல்லீங்க. ஜன்னல் வழியா தூக்கிப் போட்டான்னா பச்சைப் பிள்ளைக்கும் புரியும். பதவி அர்த்தத்துக்குத் தூக்கியடிச்சுட்டாங்கன்னு நம்ம ஊர் டீக்கடையிலயே ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கு. அது போக நம்ம ஊர்ல இந்த வினைக்கு வேலையும் கம்மி. நான் போடுற பிளான்ல ஜன்னல் அடிமட்டம் தரையில இருந்து 3 அடி, லிண்டல் 7 அடி, நடுவுல நாலு அடிக்கு நாலு அடி திறப்பு, அளவைப் பாத்தா ஒரு பிரபுவை என்ன, ரெண்டு பிரபுவைச் சேத்தே வெளிய போடலாம். ஆனா வீட்டுக்காரர் முதல் கேள்வியே கிரில் டிசைன் என்னன்னுதான், கம்பிக்கு நடுவுல நாலு அங்குலம்தான் விடுவோம், பூனை போகும், மனுஷன் தலை போகாது. பிராக் கோட்டையில கம்பி போட்டிருந்தா அந்தக் கோவத்துக்கு அன்னைக்கு வேற ஏதாவது வழி பாத்திருப்பாங்க, உங்க கட்டத்துக்கும் வேற வார்த்தை தேட வேண்டியிருந்திருக்கும்.

ஒரு வேண்டுகோள் ஐயா. அந்தக் கட்டத்துல வினைச்சொல் போடுறப்ப எந்த ஊர்ல, எந்த வருஷம், எதுக்காகன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. லத்தீன்ல இருந்து வந்ததுன்னு சொல்றது பஸ் மெட்ராஸ்ல இருந்து வந்ததுன்னு சொல்ற மாதிரி, நடுவுல எங்கெங்க நின்னுச்சு யாரு ஏறினாங்கன்னு ஒண்ணும் தெரியாது. எடம் பத்தலைன்னா பக்கத்துல வர்ற ராசிபலனைக் கொஞ்சம் சுருக்குங்க, எங்க வீட்டுல சண்டைக்கு வருவாங்க, இருந்தாலும் சொல்றேன். அடுத்த வாரத்துக்கு ஒரு வார்த்தையும் தர்றேன், பெரெண்டினேட். இதோட மூலச் சொல் நிஜமாவே பழைய லத்தீன்ல இருந்தது, பெரெண்டியேன்னா நாளான்னைக்கு. புரோகிராஸ்டினேட்ல இருக்கிற கிராஸ் நாளைக்கு, அதனால அது நாளைக்குன்னு தள்ளிப் போடுறது, இது அதையும் தாண்டி நாளான்னைக்குன்னு தள்ளிப் போடுறது. பிளான் அப்ரூவலுக்குக் குடுத்துட்டு நடையா நடக்கிற எங்க மாதிரி ஆளுங்களுக்கு இந்தச் சொல் நல்லா உதவும்.

இப்படிக்கு,
பில்டிங் பிளான் போடுற உங்க வாசகன்,
திருச்சி.